புகை வராத பக்கம்

என் தம்பி மிக்கேலுக்குக் கக்குவான் இருமல் வந்தபோது அவன் பிறந்து நாற்பத்தாறு நாள் ஆகியிருந்தது. 1963, ஆகஸ்ட் மாதம். எனக்கு ஏழு வயது. நான் கண்ணால் பார்த்தது எது, பின்னாளில் அம்மா சொல்லிக் கேட்டது எது என்று இப்போது சரியாகப் பிரிக்க முடியவில்லை. முடிந்தவரை பிரித்து எழுதுகிறேன்.

அம்மா பெயர் செல்வம்மாள். தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊரில் பிறந்தவள். அவளுடைய அப்பா வள்ளத்தில் மீன்பிடிக்கப் போனவர். என் அப்பா லூர்துநாதன் தச்சர். சர்க்கார் கட்டடங்களுக்குக் கதவு, ஜன்னல் செய்ய ஆள் வேண்டும் என்று ஒரு காண்டிராக்டர் சொல்ல, கப்பலேறி வந்து, போர்ட் பிளேருக்கு வடக்கே ஒரு தீவில் இருந்த திக்லிபூரில் குடியானோம். தகரக் கூரை, மூங்கில் தட்டி, ஒரே அறை. அந்த அறையின் மூலையில்தான் அடுப்பும்.

முதலில் இருமியது நான். அடுத்து என் இன்னொரு தம்பி, நாலு வயது சிலுவை. ஒரு மூச்சில் இருபது இருமல் வரும், கண் பிதுங்கும், கடைசியில் மூச்சை உள்ளே இழுக்கும்போது சேவல் கூவுவதுபோல ஒரு சத்தம் கேட்கும். பிறகு சாப்பிட்டதெல்லாம் வெளியே வந்துவிடும். டிஸ்பென்சரி கம்பவுண்டர் ஜம்புலிங்கம் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு அம்மாவிடம், "இது ரெண்டு மூணு மாசம் இழுக்கும்மா. இதுங்க தாங்கிரும். கைப்பிள்ளைய மட்டும் இதுங்க பக்கத்துல விடாதீங்க" என்றார்.

ஒரே அறையில் எங்கே கொண்டுபோய் வைப்பது? அம்மா குறுக்கே ஒரு சேலையைக் கட்டினாள். சேலைக்கு அந்தப் பக்கம் அவளும் தம்பியும், இந்தப் பக்கம் நாங்கள். பத்தாம் நாள் தம்பி இருமினான்.

கல்லூரியில் விலங்கியல் படித்தபோது ஒரு பாடத்தில், இருமும்போது தெறிக்கும் துளிகளில் கிருமி போகிறது என்று வந்தது. அந்தச் சேலையைத் தூக்கிவிட்டு நான் எத்தனை தடவை அவன் முகத்தருகே போய்க் கொஞ்சினேன் என்று நினைத்துப் பார்த்தேன். அம்மாவுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். அவள் அதைப்பற்றி என்னிடம் பேசியதில்லை. நானும் கேட்டதில்லை.

எங்களைப்போல் அவன் கூவவில்லை. அதுதான் பயம். நாலைந்து சிறு இருமல், முகம் சிவக்கும், பிறகு நீலமாகும், பிறகு சத்தமே இருக்காது. மூச்சு அப்படியே நின்றுவிடும். அம்மா அவனைக் குப்புறத் திருப்பி முன்கையில் கிடத்தி, சுண்டுவிரலை வாய்க்குள் விட்டுக் கோழையை இழுத்து எறிந்து, உள்ளங்காலில் சுண்டுவாள். ஒரு தடவை சுண்டினால் அழுவான். சில சமயம் ஐந்தாறு தடவை சுண்ட வேண்டியிருந்தது. அழுகை வந்ததும், கக்கிய வாயைத் துடைத்துவிட்டு உடனே பால் கொடுத்துவிடுவாள். அடுத்த இருமல் வருவதற்குள் கொஞ்சமாவது உள்ளே போகட்டும் என்பது அவள் கணக்கு.

தம்பியைக் குளிப்பாட்ட தினமும் காலையில் தெருக்கோடியில் இருந்த பொன்னம்மா அக்கா வருவாள். குளிப்பாட்டி முடித்ததும் கரண்டியில் நெருப்பெடுத்துச் சாம்பிராணி தூவி, பிள்ளையைப் புகைக்கு மேலே காட்டித் தலையை உலர்த்துவாள். ஊரில் எல்லாப் பிள்ளைகளுக்கும் செய்வதுதான். மதராஸ் கப்பலில் வந்த சாம்பிராணியை அம்மா டப்பாவில் அடைத்துப் பொத்திப் பொத்தி வைத்திருந்தாள்.

"கஞ்சத்தனம் பண்ணாத செல்வம்மா, நல்லாப் போடு. நெஞ்சுல கட்டுன சளி புகைக்குத்தான் இளகும். நாலு பெத்து நாலையும் இப்படித்தான் தேத்துனேன்" என்றாள் அக்கா.

அம்மா அள்ளிப் போட்டாள். காலையில் ஒரு தடவை என்பது காலை, மாலை என்று ஆயிற்று. இருமல் கூடக் கூடப் புகையும் கூடியது. நாலாம் நாள் புகைக்கு மேலே பிடித்திருக்கும்போதே அவன் கை தொங்கிவிட்டது. பொன்னம்மா அக்கா, "மாதாவே!" என்று கத்தினாள். அம்மா பிடுங்கித் திருப்பினாள். எத்தனை தடவை சுண்டினாளோ தெரியாது. உள்ளங்கால் ரத்தச் சிவப்பாக இருந்தது. அழுதான்.

மறுநாள் மழை வெளுத்து வாங்கியது. விறகெல்லாம் நனைந்துபோய் அடுப்புப் பற்றவில்லை. பொன்னம்மா அக்காவும் வரவில்லை. அவலை நனைத்து எங்களுக்குக் கொடுத்துவிட்டு அம்மா நாள் முழுக்கத் தம்பியை மடியிலேயே வைத்திருந்தாள். சாயங்காலம் அப்பா வந்தபோது, "இன்னைக்கு ரெண்டு தடவைதான் நீலம் பாரிச்சிச்சு" என்றாள். முந்தின நாள் எட்டு.

"மாதா கண்ணத் தொறந்துட்டா" என்றார் அப்பா.

அம்மா அணைந்த அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் பொன்னம்மா அக்கா வந்ததும் வாசலிலேயே, "அக்கா, இனிமே சாம்பிராணி வேண்டாம்" என்றாள்.

"வேண்டாமா? ஈரத்தலையோட விட்டா ஜன்னி கண்டுரும்டி."

"குளிப்பாட்டவும் வேண்டாம். துணிய நனைச்சு நானே தொடச்சுக்கிடுதேன்."

"அப்போ நான் போட்ட புகைதான் பிள்ளையக் கொல்லப் பாத்துதுங்கிறியா?"

"நீங்க போடல அக்கா. டப்பாவத் தொறந்து குடுத்தது நான்தான்."

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. நாங்கள் மாசி என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு வங்காளிப் பெண் தன் வீட்டில் எங்களுக்கும் சேர்த்துச் சோறு வடித்துத் தந்தாள். இருமல் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. பால் தங்காமல் தம்பி எலும்பாகிக்கொண்டிருந்தான்.

புதன்கிழமை ஜம்புலிங்கம் அவன் வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்தார். கிள்ளிய மடிப்பு அப்படியே நின்றது. "என்கிட்ட இருக்குற மருந்து இதுக்குப் பத்தாது. நாளைக்கு விடியக்காலம் போட் போகுது. போர்ட் பிளேர் ஆஸ்பத்திரியில ஆக்சிஜன் இருக்கு."

"வழியில மூச்சு நின்னுட்டா?" என்று அப்பா கேட்டார்.

"அந்தம்மா செய்யறதத்தான் நானும் செய்வேன். அதுக்கு மேல எனக்கும் ஒண்ணும் தெரியாது."

சிலுவையை மாசி வீட்டில் விட்டோம். அவள் பிள்ளைகளுக்குக் கக்குவான் முன்பே வந்து போயிருந்தது. என்னையும் ஆஸ்பத்திரியில் காட்டிவிடலாம் என்று கூட்டிப்போனார்கள்.

அது சரக்கும் ஆளும் ஏற்றும் சிறிய மோட்டார் போட். பின்பக்கம் தார்ப்பாய் கட்டிய இடத்தில்தான் பயணிகள் உட்கார வேண்டும். இன்ஜின் குழாய் அங்கேதான் புகையைக் கக்கியது. அதன் பக்கத்தில் ஒருவர் ஸ்டவ் பற்றவைத்து டீ போட்டுக்கொண்டிருந்தார். நாலைந்து பேர் பீடி பிடித்தார்கள். போட் கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் தம்பி நீலமானான். அம்மா திருப்பினாள், இழுத்தாள், சுண்டினாள். அழுததும் எழுந்து நின்றாள்.

"ஏளா, எங்க போற?" என்றார் அப்பா.

"முன்னாடி."

முன்பக்கம் திறந்த வெளி. கயிறும் நங்கூரமும் மட்டும். தெற்கே போகிறோம், தென்மேற்குக் காற்று. அலை உடைந்து தூறல்போல மேலே விழுந்தது. போட்டை ஓட்டும் சேராங்கு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கத்தினார். "ஆகே நஹி, அம்மா! பீச்சே ஜாவ்! பாகல் ஹோ கயா கியா?" முன்னால் வராதே, பின்னால் போ, பைத்தியமா உனக்கு என்று.

அம்மாவுக்கு வாய்த்த இந்தி கொஞ்சம்தான். "பீச்சே துவான். பச்சா மர் ஜாயேகா" என்றாள். பின்னால் புகை, பிள்ளை செத்துவிடும்.

"யஹான் பானீ மே கிர்கே மர் ஜாயேகா!" இங்கே தண்ணீரில் விழுந்து செத்துவிடும் என்றார்.

"எங்க அப்பன் வள்ளத்துல இந்த இடத்துலதான் நான் வளந்தேன்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, கயிற்றுச் சுருளுக்குள் இறங்கி உட்கார்ந்தாள். ஒரு காலை நங்கூரக் கம்பியில் முட்டுக் கொடுத்துக்கொண்டாள். சேராங்கு ஏதோ திட்டினார். போட்டை மட்டும் கொஞ்சம் மெதுவாக்கினார்.

அப்பா என்னையும் இழுத்துக்கொண்டு தவழ்ந்து தவழ்ந்து வந்து சேர்ந்தார். "கைப்பிள்ளைய கடல்காத்துல வச்சிருக்கியே, ஊரே காறித் துப்பும். குளிர்ல விறைச்சுப் போச்சுன்னா என்ன சொல்லுவ?"

"எனக்கு மட்டும் பயமில்லையா?" என்றாள் அம்மா. அவள் உதடு நடுங்கியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இது நான் பார்த்தது. "ஒங்க சட்டையக் கழத்தித் தாங்க."

பிள்ளையைக் காற்றில் காட்டக்கூடாது என்று பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தவள் அவள். அன்று அவள் கையில் இருந்தது ஒரு மழைநாளின் கணக்கு மட்டும்தான். எட்டு, பிறகு இரண்டு. நானாக இருந்தால் அதை நம்பியிருப்பேனா? இவ்வளவு படித்த பிறகும் எனக்குத் தெரியவில்லை.

அப்பாவின் சட்டையில் தம்பியைச் சுற்றி, தன் ரவிக்கைக்குள் நெஞ்சோடு சேர்த்து வைத்து முந்தானையால் மூடினாள். அவன் மூக்கும் வாயும் மட்டும் வெளியே தெரிந்தன. அப்பா காற்றுக்கு முதுகைக் காட்டி, வெறும் உடம்போடு அலையை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். என்னைத் தன் காலருகே, தம்பிக்கு முகம் காட்டாமல் அந்தப் பக்கம் திரும்பி உட்காரச் சொன்னாள் அம்மா.

மத்தியானம் வரை மூன்று தடவை இருமினான். மூன்று தடவையும் தானாகவே மூச்சை இழுத்துக்கொண்டான். நாலாவது தடவை இழுக்கவில்லை. அம்மா திருப்பினாள். கோழை வரவில்லை. சுண்டினாள். அப்பா ஜெபம் சொல்ல ஆரம்பித்துப் பாதியில் மறந்து, ஆரம்பத்திலிருந்து மறுபடி சொன்னார். அம்மா அவன் மூக்கில் வாயை வைத்து உறிஞ்சிக் கடலில் துப்பினாள். மறுபடி உறிஞ்சினாள். பிறகு முகத்தில் ஊதினாள். சேராங்கு இன்ஜினை நிறுத்திவிட்டார். அலை மோதும் சத்தத்துக்கு நடுவே பூனைக்குட்டி கத்துவதுபோல ஒரு சத்தம் கேட்டது.

அப்பா தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அம்மா அழவில்லை. பால் கொடுத்தாள்.

போர்ட் பிளேர் ஜெட்டியை அடைந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. எல்லோரும் மூட்டைகளோடு இறங்கிவிட்டார்கள். அப்பா ஜெட்டியில் நின்றுகொண்டு, "ஜீப்புக்குச் சொல்லியாச்சு, இறங்குளா!" என்று கூப்பிட்டார். அம்மா கயிற்றுச் சுருளை விட்டு எழவில்லை. சேராங்கு அருகே வந்து நின்றார்.

"அம்மா, சலோ. ஜல்தி."

"இருங்க" என்றாள் அவள், தலை நிமிராமலே. "இப்பத்தான் குடிச்சிருக்கான். வயித்துல தங்கட்டும்."

சேராங்குக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் நின்றார். தம்பி சீராக மூச்சுவிட்டுக்கொண்டிருந்தான். வாயோரம் பால் வழியவில்லை. சிறிது நேரம் பார்த்தாள், இன்னும் சிறிது நேரம் பார்த்தாள். பிறகு, எழுந்திருக்க உதவும்படி அவரிடம் கையை நீட்டினாள்.