கடைவாசலில் நின்றுவிடும் மோட்டார் சைக்கிள்

அந்த மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, தலைக்கவசத்தைக் கழற்றி, பெற்றோல் டாங்கியின் மேல் கையை ஊன்றிக்கொண்டு நான் நின்ற இடங்களை இன்றைக்கும் வரிசையாகச் சொல்வேன். பாலத்தைக் கடந்து மேற்குக் கரையில் இறங்கும் வளைவு. வயல் வட்டைக்கு நடுவே ஒரு மரமும் இல்லாத மதகு. பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் பள்ளிக்கூட வாசல். எல்லாவற்றையும் விட அதிகமாக நின்றது ஒரு தேத்தண்ணிக் கடையின் முன்னால். நான் அதை நிறுத்தியதாகச் சொல்வது மரியாதைக்காகத்தான். அதுவாகத்தான் நின்றது. பின்னால் யாரோ பிடித்து இழுப்பது போல வேகம் குறையும், இரண்டு தரம் இருமும், பிறகு அடங்கிவிடும். பத்துத் தரம் உதைத்தாலும் அசையாது. கால்மணி நேரம் வெயிலில் காய்ந்துவிட்டு உதைத்தால், ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பும்.

நான் குடும்ப நல உத்தியோகத்தர். ஊரில் மிட்வைஃப் என்பார்கள், நேரில் மிஸ் என்பார்கள். வீடு கல்லடியில். வேலை வாவிக்கு மேற்கே, பழுகாமத்தை அண்டிய சில ஊர்களில். கணவர் கட்டாருக்கு வேலைக்குப் போனபோது தன் மோட்டார் சைக்கிளை எனக்கு விட்டுப்போனார். அதற்கு முன் பல வருடம் ஸ்கூட்டர் ஓட்டியவள் நான். கியர் வண்டி பழக ஒரு கிழமை போதுமாயிருந்தது. அவர் போன மாதமே அது நிற்கத் தொடங்கியது. பிறகு நான்கு மாதம் நான் அனுபவித்ததை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்க வருகிறது.

எங்கள் தெருமுனையில் கராஜ் வைத்திருந்தவரை எல்லோரும் பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். நல்ல மனிதர், வேலையும் தெரிந்தவர். அவர் முன்னால் அந்த வண்டி ஒரு நாளும் நின்றதில்லை. நான் நடந்ததைச் சொல்லி முடிப்பதற்குள் டாங்கியின் மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்ப்பார். வண்டியை இடமும் வலமும் ஆட்டி பெற்றோல் குலுங்கும் சத்தத்தைக் கேட்பார். மூடியைப் பூட்டிவிட்டு ஒரே ஒரு உதை. அது உடனே கிளம்பி, பூனைக்குட்டி மாதிரி அவர் காலடியில் உறுமிக்கொண்டு நிற்கும்.

"இதில ஒரு பிழையும் இல்லையே மிஸ்," என்பார்.

முதல் தரம் பிளக்கை மாற்றினார். இரண்டாம் தரம் காபரேட்டரைக் கழற்றிக் கழுவினார். மூன்றாம் தரம் தானே ஏறி ஆரையம்பதி வரை ஓடிப் போய்த் திரும்பி வந்து, இறங்கியதும் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "மிஸ், நீங்க கியர் மாத்தக்குள்ள கிளச்ச முழுசாப் பிடிக்கிறதில்ல போல. பயந்து பயந்து ஓடினா வண்டி அப்படித்தான் நிக்கும்."

கைபேசியில் கணவரும் அதே முடிவுக்குத்தான் வந்தார். அங்கே இருந்தபடி வீடியோவில் என்ஜினைக் காட்டச் சொல்வார். "பிளக்க மாத்தினியா?" மாற்றியாயிற்று. "காபரேட்டர்?" கழுவியாயிற்று. "அப்ப நீதான் என்னமோ செய்றாய்," என்பார். நான் ஓடாமல் வேறு யாரும் ஓடினால் அது நிற்பதில்லை என்பதால், அப்படித்தானோ என்று நானும் நினைக்கத் தொடங்கினேன். பெற்றோல் அடித்த நாட்களில் வழியில் நிற்காமல் வந்துவிடுகிறது என்று ஒரு தரம் சொன்னேன். அப்படியென்றால் பழைய பெற்றோலில் தண்ணீர் கலந்திருக்கும் என்றார். டாங்கியைக் கழுவினோம். அடுத்த நாளும் நின்றது.

அந்தத் தேத்தண்ணிக் கடை பெரிய கடை அல்ல. வீட்டின் முன் அறையில் ஒரு மேசை, உட்கார இரண்டு வாங்கு, கண்ணாடிப் பெட்டிக்குள் வடையும் ரொட்டியும். வயலுக்குப் போகிறவர்கள் வந்து குடிப்பார்கள். கடையை நடத்தியவள் என் பராமரிப்பில் இருந்த கர்ப்பிணி. இரண்டாவது பிள்ளை, எட்டாம் மாதம் தொடங்கியிருந்தது. புருஷன் வெட்டு மெசினோடு அறுவடைக்கு வேறு மாவட்டம் போயிருந்தான். நான் அவளைத் தங்கச்சி என்பேன். மெல்லப் பேசத் தெரியாதவள். கடனுக்குக் குடிக்க வருகிறவர்களை அவர்களுடைய குரலிலேயே பேசிக் காட்டி வாயடைக்கச் செய்வாள். கல்லாவில் இருந்தபடி ரோட்டில் போகிற ஒன்றையும் விடமாட்டாள்.

கிளினிக்குக்கு வந்தாலும் அவளுக்குச் சொல்ல ஏதாவது இருக்கும். "பின்னேரமானா தலை ரெண்டாப் பிளக்கிற மாதிரி இருக்கு மிஸ். கண்ணுக்கு முன்னால பூச்சி பறக்கிற மாதிரி. இந்த மோதிரத்தப் பாருங்க, காலையில கழருது, பின்னேரம் கழருதில்ல." கிளினிக் காலையில்தான் நடக்கும். பிரஷர் பார்த்தால் சரியாக இருக்கும். சிறுநீரைச் சோதித்தால் ஒன்றும் இருக்காது. மோதிரமும் அப்போது லேசாகக் கழன்று வரும். வெளியே முப்பது பேர் காத்திருப்பார்கள். "கடையில நிண்டு நிண்டு வேலை செய்றிங்க, அதுதான். தண்ணி குடிங்க, கொஞ்சம் படுங்க. ஒண்டுமில்ல," என்று சொல்லி அனுப்புவேன். அவள் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவாள். எனக்கும் எரிச்சலாகத்தான் இருக்கும். என் மேசைக்கு வரும்போது இல்லாத நோயை என்னிடம் ஏன் கொண்டுவருகிறாள் என்று நினைப்பேன்.

ஒரு நாள் அவள் கடைக்கு முன்னால் வழக்கம்போல நின்றது. நான் உதைத்தேன், அசையவில்லை. தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் கிளாசை வைத்துவிட்டு எழுந்து வந்தார்கள். ஒருவர் என் கையிலிருந்து சாவியை வாங்கி மூடியைத் திறந்து பார்த்தார். "பெற்றோல் கிடக்கு," என்று மற்றவருக்கு அறிவித்தார். மூடினார், உதைத்தார், கிளம்பியது. "மிஸ்ஸுக்கு உதைக்கப் பெலன் காணாது," என்று சிரித்தார்கள். நான் நன்றி சொன்னேன். அந்த நன்றியைப் போலக் கசந்த சொல் வேறொன்றை நான் சொன்னதில்லை.

அவள் வயிற்றைத் தாங்கிக்கொண்டு படியிறங்கி வந்தாள். "மிஸ், ஒண்டு சொன்னாக் கோவிக்க மாட்டிங்களே?"

"சொல்லுங்க."

"ஆறேழு தரம் இதில நிண்டு பாத்துட்டன். நீங்க உதைச்சா வருதில்ல, இவங்க உதைச்சா வருது. இவங்களுக்குப் பெலன் கூட எண்டில்ல. உதைக்க முதல் இவங்க மூடியத் திறந்து பாக்கிறாங்க. நீங்க பாக்கிறதில்ல. பெற்றோல் இருக்கெண்டு உங்களுக்குத்தான் தெரியுமே."

அவள் உள்ளே போய் புதிய டின்பால் ஒன்றும் ஆணியும் கொண்டுவந்தாள். ஒரு ஓட்டை போட்டுக் கவிழ்த்துக் காட்டினாள். ஒரு துளி எட்டிப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றது. எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை போட்டதும் பால் நூலாக இறங்கியது. "காத்து உள்ள போகாட்டிப் பால் வெளிய வராது. ஒரு நாளைக்கு நூறு தேத்தண்ணி ஊத்திறன், எனக்குத் தெரியாதா?"

"டின்பால் வேற, இஞ்சின் வேற புள்ள," என்றார் சாவியை வைத்திருந்தவர். வெட்கத்தோடுதான் எழுதுகிறேன், நானும் அவர் பக்கம்தான் நின்றேன். சிரித்துவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

அடுத்த நாள் வட்டை நடுவே மதகடியில் நின்றது. சுற்றிலும் யாரும் இல்லை. வேறெதையும் தொடாமல் மூடியை மட்டும் திறந்தேன். மூச்சை உள்ளிழுப்பது போல ஒரு சத்தம் கேட்டது. மூடிவிட்டு உதைத்தேன். ஒரே உதையில் கிளம்பியது. நியாயமாக எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது ஆத்திரம்தான். நான்கு மாதம். ஒரு பிளக், காபரேட்டர் கழுவல், டாங்கி கழுவல், என் கிளச் பிடியைப் பற்றிய பாடங்கள். உதவிக்கு வந்த ஒவ்வொருவரும் மூடியைத் திறந்து அதைச் சரியாக்கிவிட்டு, பிறகு பிழை ஒன்றும் இல்லை என்று எனக்கே சாட்சி சொல்லியிருக்கிறார்கள்.

மூடியைப் புரட்டிப் பார்த்தேன். உட்பக்கத்தில் வட்டமாக வெட்டிய கறுப்பு ரப்பர் ஒன்று ஒட்டியிருந்தது, காற்றுப் போகும் சின்னத் துளையை அடைத்தபடி. எங்கள் பழைய டியூபில் வெட்டியது. அந்த ஒழுங்கான விளிம்பைப் பார்த்ததுமே யாருடைய கத்தரிக்கோல் என்று தெரிந்துவிட்டது. அன்று பின்னேரம் அழைத்துக் கேட்டேன். "ஓம், நான்தான் ஒட்டினன்," என்றார் கணவர், கொஞ்சமும் தடுமாறாமல். "மாரி வருது, மழைத்தண்ணி டாங்கிக்குள்ள போனா நீ தனிய நிண்டு கஸ்டப்படுவாய் எண்டுதான். நல்லதுக்குத்தானே செஞ்சன்." போவதற்கு முந்திய கிழமை உட்கார்ந்து செய்தாராம். நான்கு மாதம் என்னைக் கேள்வி கேட்ட ஆளுக்கு அது ஞாபகம் வரவே இல்லை. பாஸ் அதைப் பெருவிரல் நகத்தால் உரித்தெடுத்துவிட்டு, "இத ஏன் மிஸ் ஒட்டினிங்க?" என்று என்னையே கேட்டார்.

அதன் பிறகு அது ஒரு நாளும் நிற்கவில்லை. அந்த நிமிடமே எனக்கு எல்லாம் விளங்கியது என்று எழுதினால் அழகாக இருக்கும். விளங்கவில்லை. இரண்டு நாள் கழித்து, கர்ப்பிணிகளின் அட்டைகளை நிரப்பிக்கொண்டிருந்தபோது அவளுடைய அட்டை கைக்கு வந்தது. முறைப்பாடு என்ற கட்டத்தில் இரண்டு மாதமும் 'இல்லை' என்று என் கையெழுத்தில் இருந்தது. என் மோட்டார் சைக்கிளுக்கு பாஸ் ஒரு அட்டை வைத்திருந்தால் அவரும் இதைத்தான் எழுதியிருப்பார் என்று தோன்றியது. பேனாவை வைத்துவிட்டேன்.

கிளினிக்கில் இருந்த பிரஷர் கருவியைக் கேட்டு வாங்கிக்கொண்டு, பின்னேரம் நாலு மணிக்கு அவள் கடைக்குப் போனேன். வடை சுட்டுக்கொண்டிருந்தாள். "கிளினிக் வியாழக்கிழமைதானே?" என்றாள், என்னைத் திரும்பிப் பார்க்காமலே. வாங்கில் இருத்திப் பார்த்தேன். கருவி காட்டிய கூடின அளவை நம்பாமல் மற்றக் கையில் பார்த்தேன். கால்மணி நேரம் படுக்கவைத்து மறுபடி பார்த்தேன். கணுக்காலில் பெருவிரலை அழுத்தினேன், பள்ளம் அப்படியே நின்றது. மோதிரம் சதைக்குள் புதைந்திருந்தது.

"கடையப் பூட்டுங்க."

"இந்த மாவ ஆர் சுடுற?"

"பூட்டுங்க தங்கச்சி."

என் முகத்தில் என்ன கண்டாளோ, அடுப்பை அணைத்தாள். மூத்த பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டு, ஆட்டோ பிடித்து ஏற்றினேன். நான் மோட்டார் சைக்கிளில் பின்னால் போனேன். பாலத்தில் ஏறும்போது ஆட்டோவின் பக்கவாட்டில் அவளுடைய தலை சாய்ந்திருந்தது தெரிந்தது. அந்த இருபது நிமிடமும், என்ஜின் சத்தத்தில் ஒரு இருமல் வந்துவிடுமோ என்று காதைக் கொடுத்துக்கொண்டே ஓடினேன். வரவில்லை.

ஆசுபத்திரியில் டொக்டர் அவளிடம், தலையிடி எப்போதிருந்து என்று கேட்டார். அவள் கண்ணை மூடியபடியே, "இந்த மிஸ்ஸக் கேளுங்க. அவக்குத் தெரியும்," என்றாள். "இரண்டு மாதமாக," என்றேன். டொக்டர் அட்டையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அட்டையை என்னிடமே திருப்பித் தந்துவிட்டு நர்ஸைக் கூப்பிட்டார். திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

ஐந்தாம் நாள் வயிற்றை அறுத்துத்தான் பிள்ளையை எடுத்தார்கள். உள்ளங்கை இரண்டிலும் அடங்கும் ஒரு பெண் குழந்தை. பல கிழமை கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. அவளுக்குக் கண் பார்வை சில நாள் மங்கலாக இருந்து தெளிந்தது. இரண்டு பேரும் உயிரோடு வீடு வந்தார்கள். இன்னும் சில நாள் போயிருந்தால் என்ற கணக்கை நான் போட்டுப் பார்த்ததில்லை என்று சொன்னால் பொய்.

இப்போது அந்தக் கடையில் வேறு யாரோ இருக்கிறார்கள். புருஷனுக்கு மீன்பிடியில் வேலை கிடைத்து அவர்கள் கல்குடாப் பக்கம் போய்விட்டார்கள். என் கணவர் திரும்பி வந்துவிட்டார். அதே மோட்டார் சைக்கிளில்தான் இன்னும் போகிறேன். எந்தக் கட்டத்திலும் இடம் போதாமல் அட்டையின் ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதுகிறேன்: 'பின்னேரம் மட்டும்', 'நடந்தால் வருகிறது', 'இன்று இல்லை, நேற்று இருந்தது'. எங்கள் மேற்பார்வை மிஸ் அதைப் பார்த்து, "என்ன, கதை எழுதுறிங்களா?" என்று கேட்கிறார். கேட்கட்டும்.

அவர்கள் ஊரைவிட்டுப் போவதற்கு முன், குழந்தையை நிறுக்க ஒருநாள் போயிருந்தேன். ஒன்பது மாதம். தராசில் தொங்கிக்கொண்டு காலை உதைத்தது. நிறையை எழுதும்போது, பல நாளாகச் சொல்ல நினைத்திருந்ததைச் சொன்னேன். "தங்கச்சி, நீங்க சொன்னத நான் முதலே கேட்டிருக்கணும்."

அவள் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். கோபம் ஒன்றும் முகத்தில் இல்லை.

"நீங்க கேட்டிங்க மிஸ். எழுதத்தான் இல்ல," என்றாள்.