புகை என்று சொல்லிக்கொண்ட இருமல்

கரும்பலகைக்கு முன்னால் நின்றபோதுதான் முதலில் ரத்தத்தைப் பார்த்தேன். கைக்குட்டையில் வெற்றிலைச் சாறுபோல ஒரு துளி. பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் கையை மூடிக்கொண்டேன்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படித்தவள் நான். ஹட்டனில் படித்து, பிறந்த தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கே ஆசிரியையாக வந்திருந்தேன். தோட்டத்தில் மருந்தும், லயம் என்னும் வரிசை வீட்டில் ஓர் அறையான காம்பராவும் இலவசம். இரண்டும் கொழுந்து பறிக்கும் அம்மாவின் பேரில் கிடைத்தவை. ஆனால் வீட்டில் ஒருவருக்குச் சயரோகம் (நுரையீரலை அரிக்கும் தொற்றுநோய்) என்று தெரிந்தால் தோட்டத்தை நடத்தும் துரை வேலைப் பதிவிலிருந்து பேரை வெட்டிவிடுவார்; காம்பராவும் போய்விடும். மேல் லயத்துக் குடும்பம் ஒன்று மூட்டையோடு இறங்கிப் போனதைப் பார்த்தபின், இருமலோடு யாரும் மருந்துக்குப் போவதில்லை.

அதற்குப் பதிலாக, கவ்வாத்தில் கழித்த தேயிலைச் செடியின் மிளாறுச் சுள்ளியை ஈரத்தோடு அடுப்பில் வைப்பார்கள். புகை மண்டும். யார் இருமினாலும் பழி புகைக்கு. அம்மாவும் எனக்காக அப்படி மூட்டினார்.

"என்னா டீச்சரம்மா, அடுப்பு மூட்ட மட்டும் சொல்லித் தரலயா?" என்று சுவருக்கு அப்பாலிருந்து பக்கத்துக் காம்பரா செல்லம்மாக்கா என்னைக் கேட்டார்.

"வெறகு ஈரங்கக்கா," என்று முந்திக்கொண்டார் அம்மா.

"எங்க வெறகுந்தான்." அக்கா சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

இருமலை ஒளித்துக்கொண்டு இதைப் படிக்கிறவர்களே, புகை நோயை மறைக்காது. வளர்க்கும். சில வாரங்களில் பள்ளிக்கு ஏறும் மேட்டில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டேன்.

மருந்துக்குப் போகிறேன் என்றதும் அம்மா வாசலை மறித்தார். "நீ போனா நம்ம இருக்க எடம்?"

"நான் செத்துட்டா அந்த எடத்துல யாரோட இருப்பீங்க?"

அம்மா வாசலை விட்டு விலகினார். கம்பளியை எடுத்துப் போட்டுக்கொண்டு கூடவே வந்தார்.

"ஏம்மா இத்தன நாளா வரல?" என்றார் தோட்டத்து டாக்டரய்யா.

"வந்தா காம்பரா போயிருமுங்க," என்றேன்.

"தொரைக்குச் சொல்லாம இருக்க எனக்கும் வழியில்ல," என்று சொல்லி என்னைப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

அங்கே ஸ்ட்ரெப்டோமைசின் (சயரோகக் கிருமியைக் கொல்லும் ஊசிமருந்து) போட்டார்கள். ஊசியால் காதுக்குள் வண்டு இரைந்தது. இரண்டு மழைக்காலங்களைப் படுக்கையிலிருந்து பார்த்தேன்.

அம்மாவின் பேரை வெட்டவில்லை. இரக்கத்தால் அல்ல. கொழுந்து மலிந்திருந்தது, பறிக்கும் பெண்கள் ஒவ்வொருவராகச் சுருண்டு விழுந்துகொண்டிருந்தார்கள். ஆள் இல்லாமல் கொழுந்து முற்றியது. பிறகுதான் துரை, எக்ஸ்ரே (நெஞ்சின் உள்ளே காட்டும் படம்) எடுக்கும் வண்டியை வரவழைத்தார். நோய் இருந்தாலும் பேர் வெட்டுவதில்லை என்று, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் சொல்லவும் வைத்தார்.

வண்டி வந்த நாளில், அந்த வார்த்தையை நம்பாமல் படுத்துக் கிடந்தவர்கள்கூடக் கூடையோடு மலைக்குப் போனார்கள்.

"ஒருத்தரும் இல்லையா?" என்றார் துரை.

"நம்ம ஆளுக எல்லாம் நல்ல சொகமுங்க தொர," என்றார் ஆட்களை வேலை வாங்கும் கங்காணி.

குணமாகித் திரும்பியிருந்த நான் மலைக்கு ஏறினேன். இப்போது என் மூச்சு பாதியில் ஒருமுறை நிற்கும், நானும் நிற்பேன். செல்லம்மாக்கா தேயிலை நிரையில் பறித்துக்கொண்டிருந்தார்.

"வாங்கக்கா. எனக்கு நல்லாயிருச்சே, பாருங்க."

"ஒனக்குப் படிப்பு இருக்கு, தாயி. எனக்கு இந்தக் காம்பராதான். அடுத்த தடவ வண்டி வரட்டும், வாறேன்."

அடுத்த தடவை என்று சொல்ல என் உடம்புக்கு இப்போது தெரியாது. ஒரு மூச்சு, அதன்பின் இன்னொன்று. அவ்வளவுதான் அதற்குத் தெரிந்த காலம். குனிந்து பறிக்கும் அக்காவின் முதுகைப் பார்த்தபடி, அவருடைய மூச்சை எண்ணிக்கொண்டு நின்றேன்.