காப்புக் கட்டிய கையோடு விற்ற கார்

ஐம்பதுகளின் நடுவில், தீவின் தெற்குக் கரையிலுள்ள சுயாக் ஊரில் வாடகைக் கார் வைத்திருந்த தமிழன் முனிசாமி ஒருவன்தான். அதற்கு முன் பெல் ஒம்ப்ர் தோட்டத்தில் கரும்பு வெட்டியவன். கார் வந்த நாளே தோட்டத்துப் பக்கம் திரும்பிப் பார்ப்பதை விட்டான். கூட வெட்டியவர்களையும் கைகழுவினான். மனைவி ருக்மணி மட்டும் களை பறிக்கப் போய்க்கொண்டே இருந்தாள். அவள் கூலியில் பாதியைப் பெட்ரோலாகக் குடித்தது அந்தக் கார்.

தைப்பூசத்துக்குக் கொடியேறி, முனிசாமி காவடிக்குக் காப்புக் கட்டிக்கொண்ட மறுநாளே கார் வெள்ளைப் புகையைக் கக்கிவிட்டு நடுரோட்டில் படுத்துவிட்டது. தள்ளிக்கொண்டு போய் மெக்கானிக் க்ளோட்டின் கொட்டகையில் விட்டான். க்ளோட் என்ஜின் மூடியைக் கழற்றி, கரி படிந்த ஒரு கோட்டை விரலால் தடவிக் காட்டினான்.

"என்ஜின் பிளாக்கே விரிசல் விட்டுடுச்சு, முனிசாமி. புதுசு கப்பல்லதான் வரணும். அதுக்கு ஆகிற செலவுல வேற காரே வாங்கிடலாம். வித்துடு."

காரை ஓட்டத் தெரியுமே தவிர, அதன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று முனிசாமிக்குத் தெரியாது. ரிப்பேர் செய்யக் கையில் காசில்லை. விற்றால் மறுபடி கரும்புக்காடு. அவன் பயந்ததெல்லாம் அது ஒன்றுக்குத்தான்.

"போர்ட் லூயி பட்டணத்துல சாந்த் குருவா கோயில் பக்கம் வேற மெக்கானிக் இருக்காராம். மாட்டு வண்டியில கட்டி இழுத்துட்டுப் போயாவது ஒரு தடவை காட்டுங்க" என்றாள் ருக்மணி.

"களை பறிக்கிறவளுக்கு என்ஜின் தெரியுமோ? வாயை மூடு."

க்ளோட்டை அவன் அவ்வளவு நம்பினான். நம்பியதுதான் வேடிக்கை. போன வருஷம் இதே விரதத்தில், க்ளோட்டின் மனைவி மார்லென் பிரசவ வலியோடு நடுரோட்டில் நின்று இவன் காரை மறித்தாள். கதவைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். "காப்புக் கட்டியிருக்கேன், தீட்டாயிடும்" என்று சொல்லிக் கண்ணாடியை ஏற்றிவிட்டு இவன் போய்விட்டான். பிள்ளை சாலையோரத்தில் பிறந்தது. ஆஸ்பத்திரி சேர்வதற்குள் செத்தது. இவனோ வீட்டுக்கு வந்ததும் ருக்மணியை மஞ்சள் தண்ணீர் கரைக்கச் சொல்லி, மார்லென் பிடித்த கதவைத் தேய்த்துக் கழுவினான். அதற்குப் பிறகும் க்ளோட் வழக்கம்போல இவன் காரைப் பார்த்துக் கொடுத்தான். மறந்துவிட்டான் என்று நினைத்துக்கொள்வது முனிசாமிக்கு வசதியாக இருந்தது. கொஞ்ச நாளில் அவனே மறந்துபோனான்.

விரதம் முடிவதற்குள் ரெஜிஸ் வந்தான். பெல் ஒம்ப்ரில் கடை வைத்திருப்பவன், க்ளோட்டின் சிநேகிதன். கோயிலில் தண்ணீர்ப்பந்தல் போட்டுக்கொண்டிருந்த கூட்டத்தின் நடுவே முனிசாமியைப் பிடித்தான்.

"காரை விக்கிறியாமே. கையில காப்பு இருக்கு, நீ பொய் சொல்லமாட்டே. காருக்கு என்ன கேடு, சொல்லு."

வேறு மாதமாக இருந்தால் முனிசாமி, "ஒண்ணுமில்ல, லேசாச் சூடாகுது" என்று தலையில் கட்டியிருப்பான். இப்போது ஊரே பார்த்துக்கொண்டிருந்தது, முருகனும் பார்த்துக்கொண்டிருந்தான். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "பிளாக் விரிசல். இனி அது ஓடாது" என்றான். "இதுவல்லவோ விரதம்!" என்று பூசாரி மெச்சினார். முனிசாமிக்கு உச்சி குளிர்ந்தது. ஓடாத காருக்கு என்ன கிடைக்குமோ அதைக் கொடுத்து ரெஜிஸ் காரை வாங்கிக்கொண்டான்.

காவடி எடுத்து, அலகு குத்திய நாக்கின் புண் ஆறுவதற்குள் அந்தக் கார் அவன் வீட்டு வாசலைத் தாண்டி ஓடியது. புகை இல்லை, இருமல் இல்லை. முனிசாமி கொட்டகைக்கு ஓடினான்.

"கேஸ்கட்தான் போயிருந்துச்சு, ஒரு மெல்லிசுத் தகடு. மாத்தினேன்" என்றான் க்ளோட், தலையைத் தூக்காமலே.

"பிளாக் விரிசல்னு சொன்னியே!"

"ஆமா, சொன்னேன். நான் காப்புக் கட்டல."

"ஏன்டா? நான் உனக்கு என்னடா கெடுதல் செஞ்சேன்?"

அவன் நிஜமாகவே கேட்டான். கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த மார்லென் கையிலிருந்த துணியை அப்படியே போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். "வீட்டுக்குப் போ" என்றான் க்ளோட்.

வீட்டில் முனிசாமி வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டான். "காரணமே இல்லாம என் பொழைப்பைக் கெடுத்துட்டான். இனிமே நான் வெயில்ல நின்னு கரும்பு வெட்டணும். எல்லாப் பயலும் சிரிப்பான்."

ருக்மணி தோட்டத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவனை ஏறிட்டுப் பார்த்தாள்.

"நம்ம காரைப் புடிச்சுக்கிட்டு அவ அழுதாளே. அந்தப் புள்ளைய எங்க பொதைச்சாங்கன்னாவது தெரியுமா உங்களுக்கு?"

முனிசாமிக்கு ஒரு கணம் எதுவும் விளங்கவில்லை. பிறகு ஞாபகம் வந்தது. அவனுக்குக் கோபம்தான் பொத்துக்கொண்டு வந்தது.

"அன்னிக்கு நான் விரதம்டி" என்றான்.