நாற்பத்து மூன்றாவது வழக்கு

எங்கள் ஊருக்கு வந்துகொண்டிருந்த டவுன் பஸ் ஓர் ஐப்பசி மழையில் நின்றுபோனது. தரைப்பாலம் அடித்துப்போனதுதான் காரணம். பாலத்தை மறு வருஷமே கட்டிவிட்டார்கள். பஸ் மட்டும் திரும்பவில்லை. மெயின் ரோட்டுக்கு நாலு கிலோமீட்டர் நடக்க வேண்டும். திண்டுக்கல்லுக்குப் படிக்கப் போன ஏழு பெண்பிள்ளைகளில் ஆறு பேர் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். ஒன்பதாம் வகுப்பிலிருந்த என் அக்கா மட்டும் நடந்தாள்.

“முழுப் பரிட்சையோட நிப்பாட்டிருவோம். தோப்பு வழி, பொம்பளப் பிள்ள,” என்றார் அப்பா. அம்மா ஹைகோர்ட்டுக்குப் போனாள்.

இப்படிச் சொன்னால் பெரிதாகத் தெரியும். முதலில் அவள் போனது திண்டுக்கல் பேகம்பூருக்குத்தான். அங்கே அம்மாவிடம் வாடிக்கையாக மல்லிகைப்பூ வாங்கும் வக்கீலம்மா ஒருவர் இருந்தார். பஸ் கேட்டு அதிகாரிகளிடம் மனுக் கொடுத்துச் சலித்த கதையை அம்மா பூவோடு சேர்த்து அவரிடம் கொட்டியிருக்கிறாள். அவர் வழக்குப் போட்டார்.

அப்பாவுக்குப் பயம். அவருடைய அண்ணன் ஒரு வரப்புத் தகராறுக்காகக் கொடைரோட்டில் ரயிலேறிச் சென்னை ஹைகோர்ட்டுக்கு அலைந்தவர். வழக்கு முடிவதற்குள் அவர் முடிந்துபோனார்.

“அது சென்னை. இது மதுரை. காலைல போனா வெளக்கு வைக்க வந்துருவேன்,” என்றாள் அம்மா. நான் பிறந்த சமயத்தில்தான் ஹைகோர்ட்டின் கிளை மதுரைக்கு வந்திருந்தது.

அக்காவுக்கு அன்றைக்கு மாதப் பரிட்சை. ஒன்பது வயதான என்னை அம்மா கூட்டிப்போனாள். கோர்ட் வாசலில் எங்கள் பையைத் துழாவி, தயிர்சோற்று டப்பாவையும் திறந்து பார்த்து மூடினார்கள். அவ்வளவு பெரிய கட்டடத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. ஒவ்வோர் அறைக்கு வெளியிலும் எந்த வழக்கு நடக்கிறதென்று ஒரு பலகையில் சிவப்பு எண் எரிந்தது. எங்களுடையது நாற்பத்து மூன்று. சாப்பாட்டு வேளை கழிந்த பிறகுதான் வந்தது.

சினிமாவில் வருவதுபோல் கூண்டும் சுத்தியலும் இருக்குமென்று நினைத்திருந்தேன். இரண்டும் இல்லை. உயரத்தில் இரண்டு நீதிபதிகள் இருந்தார்கள். வக்கீலம்மா ஆங்கிலத்தில் நாலு வரி பேசினார். அந்தத் தடத்தில் ஆள் ஏறுவதில்லை என்றார் எதிர்த் தரப்பு வக்கீல். நீதிபதிகளில் ஒருவர் தமிழில் கேட்டார்: “மனுதாரர் வந்திருக்காங்களா?”

அம்மா எழுந்து நின்றாள்.

“பஸ் இல்லாம பிள்ளைங்க எப்படிம்மா போறாங்க?”

“எம் மக நடக்குறாய்யா. மத்த ஆறு பேரு நின்னுட்டாளுக. பஸ்ஸு வந்தா ஆளு ஏறும்யா. ஆளு சேந்தாத்தான் பஸ்ஸுன்னா, அதுக்குள்ள இந்தப் பிள்ளைகளுக்கு வயசு போயிரும்.”

சந்தையில் பூ எடை போடுகிறவரிடம் பேசுகிற அதே குரல். நீதிபதி ஆங்கிலத்தில் ஏதோ சொல்ல, கீழே ஒருவர் எழுதிக்கொண்டார். பலகையில் நாற்பத்து நாலு வந்துவிட்டது. ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. தோற்றுவிட்டோம் என்று நினைத்து வெளியே வந்து அழுதேன்.

“அழாதடி. அதிகாரிங்க ஆறு வாரத்துல முடிவு சொல்லணும்னு உத்தரவு,” என்று வக்கீலம்மா என் கன்னத்தைத் துடைத்தார்.

உத்தரவு நகல் வந்ததும் அதில் தன் பெயர் எங்கிருக்கிறதென்று அம்மா என்னைக் காட்டச் சொன்னாள். மேலே அம்மா பெயர். அதற்குக் கீழேதான் அதிகாரிகள் எல்லோரும். பள்ளிக்கூடத்தில் அதைச் சொல்லாத நாளில்லை. அப்பாவும் டீக்கடையில், “நாங்க ஹைகோர்ட்டுல கேட்டோம்ல,” என்று பன்மையில் பேச ஆரம்பித்தார்.

ஐந்தாம் வாரம் பஸ் வந்தது. டிரைவருக்கு மாலை போட்டார்கள். நின்றுபோன ஆறு பேரில் நாலு பேர் அக்காவோடு ஏறினார்கள். அம்மாவும் கோர்ட்டுக்குக் கட்டிய சுங்குடிச் சேலையோடு, பூக்கூடை இல்லாமல் ஏறினாள். மதியம் வெறுங்கையோடு திரும்பினாள்.

“ஒன்னும் வாங்கிட்டு வரலையா? பெறகு எதுக்குப் போன?” என்று கேட்டேன்.

“பள்ளிக்கூடம் வரைக்கும் பஸ்ஸுல போய்ப் பாக்கணும்னு இருந்துச்சு. மணியடிக்குற வரைக்கும் நின்னுட்டு வந்தேன்.”

அம்மா ஐந்தாம் வகுப்போடு நின்றவள் என்பது எனக்குத் தெரியும். ஏன் நின்றாள் என்று கேட்க அன்றைக்குத் தோன்றவில்லை. தின்பண்டம் வாங்கி வராத கோபத்தில் சாயங்காலம் வரை அவளோடு பேசாமல் இருந்தேன்.