அப்பாவுக்குச் சுடாத படிகள்

அப்பாவின் உள்ளங்கால்கள் எரிந்துகொண்டிருந்த காலத்தில், எங்கள் வீட்டில் வைத்தியம் சொல்லாதவர்கள் நானும் பூனையும் மட்டும்தான். குன்னத்தில் தையல் கடை வைத்திருந்த அப்பா, சாயங்காலம் வந்ததும் பக்கெட் தண்ணீருக்குள் காலை விட்டுக்கொண்டு உட்காருவார். "மொளகாய அரைச்சுப் பூசுனாப்ல இருக்கு" என்பார். உடம்புச் சூடு என்று எல்லோரும் சேர்ந்து தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். அம்மா விளக்கெண்ணெய் தேய்த்தாள். பிறகு மருதாணி அரைத்து அப்பினாள். சிவந்த பாதங்களோடு தெருவில் நடந்தவரைப் பார்த்து, "கல்யாணப் பொண்ணு வருது" என்று கேலி செய்தார்கள். கருவாடுதான் சூடு என்று அத்தை சொல்லிவிட்டுப் போனதில், கால் எரியாத எங்களுக்கும் கருவாடு கிடைக்காமல் போயிற்று. அப்பா தன் பங்குக்கு, எரிச்சல் நின்றால் சித்திரை உச்சிவெயிலில் வெறுங்காலோடு செட்டிகுளம் மலையேறுவதாக முருகனுக்கு வேண்டிக்கொண்டார்.

எரிச்சல் நின்றது. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, ஒருநாள் அப்பா பக்கெட்டைத் தேடவே இல்லை. மருதாணியால்தான் என்றாள் அம்மா. கருவாட்டை விட்டதால்தான் என்றாள் அத்தை. எனக்குக் கருவாடு திரும்பி வந்தால் போதும் என்றிருந்தது.

சித்திரையில் வேண்டுதலைத் தீர்க்கச் செட்டிகுளம் போனோம். அன்று சூட்டில் மலைப்படிகளில் கால் வைக்க முடியவில்லை. எல்லோரும் நிழல் பார்த்துத் தாவி ஓடினார்கள். அம்மா என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு "முருகா, முருகா" என்று குதித்தாள். அப்பா மட்டும் கடைக்குப் போகிறவர்போல நிதானமாக ஏறினார்.

"சுடலையாப்பா?"

"ஒண்ணுமே தெரியலம்மா. அவன் பாத்துக்குறான்."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. பின்னால் வந்தவர்களிடமெல்லாம் "எங்கப்பாவுக்குச் சுடாது" என்று சொல்லிக்கொண்டே போனேன். மேலே மண்டபத்தில் அப்பா காலை நீட்டி உட்கார்ந்தார். அம்மா அலறினாள். இரண்டு உள்ளங்கால்களிலும் தோல் கழன்று தொங்கியது. உள்ளே பச்சைச் சதை. அதைவிட என்னைப் பயமுறுத்தியது அப்பாவின் முகம். வலியே இல்லாமல், "என்னாச்சு, ஏன் கத்துற?" என்று அம்மாவைக் கேட்டார்.

பெரம்பலூர் டாக்டர் ரத்தத்தைச் சோதித்துவிட்டு, அப்பாவின் கட்டைவிரலில் ஊசியால் குத்தினார். "தெரியுதா?"

"எங்க சார் குத்துறீங்க?"

எரிச்சல் நின்றுபோனதை அம்மா சந்தோஷமாகச் சொன்னாள். டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "சக்கரைம்மா. எரிஞ்ச வரைக்கும் நரம்புக்கு உயிர் இருந்துச்சு. அப்பவே கூட்டிட்டு வந்திருக்கக் கூடாதா?" அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எரிச்சல் நின்றதற்கு யாராவது அழுவார்களா என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

புண் ஆறாமல் வலது காலில் இரண்டு விரல்களை எடுத்த பிறகு, மறுபடி செட்டிகுளம் போனோம். அப்பா அடிவாரத்திலேயே நின்று கும்பிட்டார். வெகுநேரம் கண்ணைத் திறக்கவில்லை.

"என்னப்பா வேண்டிக்கிட்டீங்க?"

"திரும்ப எரியணும்னு."

அப்பாவுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று பயந்து, நான் அவசரமாகக் கண்ணை மூடி, எரியவே கூடாது என்று வேண்டிக்கொண்டேன். முருகன் என் பேச்சைத்தான் கேட்டான்.