கயிறு அளந்த அஞ்சு சென்ட்

கொடைக்கானலில் ஒரு மிஷன் பள்ளிக்கூட ஹாஸ்டலில் நான் சமையல் வேலை பார்த்தேன். என் வீட்டுக்காரி அங்கேயே துணி வெளுக்கும் பகுதியில் இருந்தாள். பள்ளி கொடுத்த குவாட்டர்ஸில் இரண்டு அறை, கரண்ட், குழாய்த் தண்ணீர் எல்லாம் உண்டு. ஆனால் எனக்கு ஐம்பத்தெட்டு வயது முடிகிற அன்று சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். எனக்கு முன்னால் ஓய்வு பெற்ற தோட்டக்காரர் பாத்திரம் பண்டங்களைச் சாக்கில் கட்டி, மலையை விட்டு இறங்கும் வத்தலக்குண்டு பஸ்ஸில் ஏற்றியதை நாங்கள் இரண்டு பேரும் நின்று பார்த்தோம். அன்றைக்குச் சாயங்கால ஜெபத்தில் என் வீட்டுக்காரி கேட்டது ஒன்றே ஒன்றுதான். "கர்த்தாவே, எங்களை இந்த மலையிலயே வச்சுரும்."

நிலம் வாங்குவது என்று அன்றே முடிவு செய்தேன். அதில் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை. எட்டாவதோடு நின்ற படிப்புதான் என்றாலும், கேட்டதைக் கர்த்தர் கொடுப்பார் என்பதும், கொடுக்கும்போது நாம் கையை நீட்ட வேண்டும் என்பதும் தெரியும்.

எழுபதுகளின் கடைசி அது. ஏரியைச் சுற்றி வெள்ளைக்காரர்கள் கட்டிய பழைய பங்களாக்களை மதுரைப் பக்கத்து முதலாளிகள் வாங்க ஆரம்பித்திருந்தார்கள். டவுனுக்குள் எங்களைப் போன்றவர்கள் விலை கேட்கவே கூச்சமாக இருக்கும். அதனால் டவுனுக்கு வெளியே பள்ளங்கிக் கிராமத்துப் பக்கம் போனேன். ஹாஸ்டலுக்கு உருளைக்கிழங்கு கொண்டுவரும் விவசாயி ஒருவர் அங்கே இருந்தார். என்னைவிடப் பத்து வயது சின்னவர். தோட்டத்தின் மேல் பகுதியில் அஞ்சு சென்ட் கொடுப்பதாகச் சொன்னார்.

"எடம் சரிவுதாண்ணே. ஆனா பாதை ஓரம். ஒண்ணு மட்டும் சொல்லிப்புடுறேன். கீழ ஒரு ஊத்து கெடக்கு பாருங்க, அது எனக்கு வேணும். பூண்டு, கெழங்கு, மாடு, மனுசன் எல்லாம் அந்தத் தண்ணிதான்."

"ஊத்து ஒங்களுக்கே இருக்கட்டும் தம்பி" என்றேன்.

அளந்தது தேங்காய் நார்க் கயிற்றால்தான். அடிக்கு ஒரு முடிச்சு போட்டு நானே தயார் செய்திருந்தேன். அகலத்தில் முப்பத்தாறடி. நீளத்துக்கு நான் மேலே பாதை ஓரத்தில் ஒரு முனையைப் பிடித்தேன். என் வீட்டுக்காரி மறுமுனையோடு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சரிவில் இறங்கினாள். கயிறு மண்ணோடு படிந்து கிடந்தது. சரியாக அறுபதடியில் அவள் நின்ற இடத்தில் அந்தத் தம்பி சவுக்குக் குச்சியை அடித்தார். ஊற்று அதற்கும் கீழே ஏழெட்டு அடியில் இருந்தது. நான் மேல் மூலையில் முழங்கால் போட்டு ஜெபம் செய்தேன். அவர் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நான் ஆமென் சொல்லும் வரைக்கும் காத்து நின்றார். பத்திரத்தில் அஞ்சு சென்ட் என்று எழுதினோம். கீழ்ப்பக்கத்து எல்லைக்கு, விற்றவரின் மீதி நிலம் என்று மட்டும் போட்டோம்.

சமையலறையில் என்னை ஓட்டாதவர்கள் இல்லை. "மாமா வாங்குன எடத்துல ஆட்டுக்குட்டி நின்னாலே உருண்டு ஏரிக்கு வந்துருமாமே!" என்பான் காய் நறுக்குகிறவன். "வரட்டும்டா, பிரியாணி போட்ருவோம்" என்பேன். மனசு அவ்வளவு தெம்பாக இருந்தது.

இரண்டு வருஷம் கழித்து, பட்டாவைத் தனியாகப் பிரிக்க சர்வேயர் வந்தார். அவரோடு வந்த ஆட்கள் சங்கிலியைத் தரையில் போடவே இல்லை. ஒருத்தர் மேலே நிற்க, மற்றவர் சங்கிலியை நெஞ்சு உயரத்துக்குத் தூக்கி மட்டமாகப் பிடித்துத் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டார். குண்டு தொட்ட இடத்திலிருந்து அடுத்த அளவு. படி இறங்குவது போல இறங்கி எங்கள் குச்சிக்கு வந்தார்கள். அறுபதடி வரவில்லை, ஐம்பதுதான் வந்தது.

"நாங்க கயிறு போட்டு அளந்தோமே சார்!"

சர்வேயர் சிரித்தார். "கயித்தைச் சரிவுல போட்டீங்களாக்கும்? வீடு என்ன சரிவுலயா படுத்துக்கெடக்கும்? மட்டத்துலதானய்யா நிக்கும். கணக்கும் மட்டத்துக்குத்தான்."

பிறந்ததிலிருந்து ஏறி இறங்கியே வளர்ந்தவர்கள் நாங்கள். சாய்த்து வைத்த ஏணி அதன் நீளத்துக்குத் தரையை அடைக்காது என்பது எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. அஞ்சு சென்ட் என்று நினைத்தது நாலு சென்டும் சொச்சமும்.

"பத்திரத்துல அஞ்சு இருக்கு. கீழ தள்ளி அஞ்சாக்கிக் கல்லு போடட்டுமா?" என்று சர்வேயர் கேட்டார். மட்டத்தில் பத்தடி கூட்ட வேண்டுமென்றால் சரிவில் இன்னும் பன்னிரண்டடி இறங்க வேண்டும். அதற்குள் ஊற்று வந்துவிடும்.

அந்தத் தம்பியின் முகம் செத்துப்போயிற்று. "அஞ்சுன்னு நாந்தானே கையெழுத்துப் போட்டேன். போடுங்க சார்" என்றார், மண்ணைப் பார்த்துக்கொண்டே.

நான் உடனே மறுத்தேன் என்று எழுத ஆசைதான். ஆனால் பேசாமல் நின்றேன். மலையில் தண்ணீர் உள்ள வீட்டு மனைக்கு என்ன மதிப்பு என்று எனக்குத் தெரியும். கர்த்தர்தான் கேட்காமலே ஊற்றையும் சேர்த்துத் தருகிறாரோ என்றுகூட நினைத்தேன். எனக்கு வசதியாக வருகிற அந்த மாதிரி நினைப்பை இப்போதெல்லாம் நான் உடனே நம்புவதில்லை.

என் வீட்டுக்காரி விறுவிறுவென்று சரிவில் இறங்கினாள். பழைய குச்சிப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு மேலே பார்த்துக் கத்தினாள்.

"ஏங்க, கயித்து முனையப் புடிச்சது நான்தானே? இங்கதான் நின்னேன். இதுக்குக் கீழ நான் எறங்கவே இல்ல. கல்லை இங்கயே போடச் சொல்லுங்க!"

கர்த்தருக்குத் தோத்திரம், என் நாக்கு அவிழ்ந்தது. "அங்கயே போடுங்க சார்."

"பத்திரத்தைத் திருத்தணும்யா. வீண் அலைச்சல்."

"அலையுறேன் சார்."

விலையைக் குறைக்கிறேன் என்று அந்தத் தம்பி வந்தார். நான் ஒப்பவில்லை. குச்சிகளுக்கு நடுவே கிடந்த மண்ணைப் பார்த்துத்தான் விலை பேசினோம். அந்த மண் எங்கேயும் போய்விடவில்லையே. திருத்தல் பத்திரம் எழுதியவர் மட்டும் பேனாவை வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வாங்குனவரே வந்து கொறச்சு எழுதுங்கிறத இன்னைக்குத்தான்யா பாக்குறேன். வீட்டுல சண்டையா?"

"சண்டை வந்துரக் கூடாதேன்னுதான் ஐயா" என்றேன்.

அஞ்சு சென்டுக்குப் போட்டு வைத்த வீட்டுத் திட்டம் அந்த இடத்தில் அடங்கவில்லை. சரிவை இரண்டு தட்டாக வெட்டிக் கல் அடுக்கினோம். மேல் தட்டில் சமையல்கட்டு, கீழ்த் தட்டில் படுக்கிற அறை, நடுவே ஒன்பது படி, அதற்குக் கூரை கிடையாது. ஐப்பசி மழையில் குடை பிடித்துக்கொண்டு சாப்பிடப் போன குடும்பம் பள்ளங்கியில் எங்களுடையது ஒன்றுதான்.

எண்பதுகளின் நடுவில் ஒரு நாள் காலையில் குவாட்டர்ஸ் சாவியைப் பள்ளி ஆபீஸில் கொடுத்தோம். ஜீப்பில் சாமான்களை ஏற்றிக்கொண்டு, வத்தலக்குண்டு பஸ் நிற்கும் இடத்தைத் தாண்டிப் பள்ளங்கிக்குத் திரும்பினோம். மூட்டைகளை நான் இறக்கிக்கொண்டிருக்கும்போதே என் வீட்டுக்காரி குடத்தை எடுத்துக்கொண்டு சரிவில் இறங்கிவிட்டாள். பூண்டுக்குக் களை எடுத்துக்கொண்டிருந்த அந்தத் தம்பி நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன மதினி, இந்தக் கல்லுக்குக் கீழ எறங்கவே இல்லன்னு அன்னைக்கு அந்தக் கத்து கத்துனீங்க?"

"அன்னைக்கு அளக்க வந்தேன். இன்னைக்குத் தண்ணிக்கு வந்திருக்கேன். வெரசா வந்து கொடத்தைத் தூக்கி விடுங்க கொழுந்தனாரே, உலை வைக்கணும்."