மூன்றாவது முயற்சி, ஒரு யார்ட்

பல்கலைக்கழகத்தில் எனக்கு இரண்டாம் ஆண்டு தொடங்கவிருந்த ஆகஸ்ட் மாதம். பயிற்சி முகாமின் முதல் நாள் காலையில் பயிற்சியாளர் வெள்ளைப் பலகையில் இரண்டு பெயர்களை எழுதினார். அதுவரை எங்கள் அணியின் குவார்ட்டர்பேக்காக இருந்தவர் படிப்பை முடித்துக்கொண்டு போய்விட்டார். அந்த இடத்துக்கு இப்போது இரண்டு பேர். ஒருவன் நான். மற்றவன் மார்க்கம் நகரத்திலிருந்து வந்தவன், என்னைப் போலவே இங்கே கனடாவில் பிறந்த தமிழ்ப் பெடியன். அவனுடைய அப்பா அம்மா மட்டக்களப்பு, என்னுடையவர்கள் யாழ்ப்பாணம். எங்கள் இருவரையும் பார்த்து அணியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். இந்த விளையாட்டில் ஒரு தமிழன் இருப்பதே அதிசயம், ஒரே இடத்துக்கு இரண்டு பேரா என்று.

நான் சொல்லும் ஃபுட்போல், காலால் உதைக்கும் பந்தாட்டம் அல்ல. தலைக்கவசமும் தோள்கவசமும் போட்டுக்கொண்டு, இரு முனையும் கூரான பந்தை எறிந்தும் ஏந்திக்கொண்டு ஓடியும் ஆடுவது. கனடாவில் பத்து யார்ட் முன்னேற மூன்று முயற்சிகள் தருவார்கள். மூன்றாவதில் பெரும்பாலும் பந்தைத் தூர உதைத்து எதிரணியிடம் கொடுத்துவிடுவார்கள் என்பதால், கையில் இருப்பது உண்மையில் இரண்டுதான். ஒவ்வொரு முயற்சியிலும் பந்து முதலில் வருவது குவார்ட்டர்பேக்கின் கைக்கு. யாருக்கு எறிவது, யாரிடம் கொடுப்பது என்று மூன்று விநாடிக்குள் அவன் முடிவெடுக்க வேண்டும்.

அவன் ஆறடி மூன்று அங்குலம். நின்ற இடத்திலிருந்து அறுபது யார்ட் எறிவான். நான் ஐந்தடி எட்டு. என் கைக்கு அந்தத் தூரம் கிடையாது. ஆனால் கிட்டடியில் நான் குறி தவறமாட்டேன். மோர்னிங்சைட்டில் எங்கள் அடுக்குமாடிக்குப் பின்னால் ஒரு பழைய டென்னிஸ் கோர்ட் இருந்தது. அதன் கம்பிவேலியில் டேப்பால் சதுரங்கள் ஒட்டி, அந்தக் கோடை முழுக்க ஒரு நாளுக்கு இருநூறு பந்து எறிந்தேன். பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் ஆட்டத் திட்டப் புத்தகத்தைப் பாடமாக்கினேன். எந்தத் திட்டத்தில் யார் எங்கே ஓடுவான் என்று நித்திரையில் கேட்டாலும் சொல்லியிருப்பேன்.

பதினோராம் நாள் எங்களுக்குள்ளே ஆடிய ஆட்டத்தில் நான் அவனைவிடக் கூடுதலான பந்துகளைச் சரியாகக் கொடுத்தேன். அவன் இரண்டே இரண்டு நீளப் பந்துகளை எறிந்தான். இரண்டையும் எங்கள் ஆட்கள் எல்லைக்கோட்டுக்கு அப்பால் பிடித்துப் புள்ளிகளாக்கினார்கள்.

அடுத்த நாள் பயிற்சியாளர் என்னை அறைக்குள் கூப்பிட்டார். "மைதானம் அகலமானது, முயற்சிகளோ குறைவு. எனக்குத் தூரம் எறிகிற கை வேண்டும். நம்முடைய திட்டமே அதுதான்," என்று ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு, "மூன்றாவது முயற்சியில் ஒரு யார்ட் மட்டும் தேவைப்படும் நேரங்களில் நீ உள்ளே போவாய். உன் உயரம் அதற்குத் தோதானது," என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டா.

"என்ன தம்பி, கிடைச்சதோ?"

"இல்லை. நான் ரெண்டாவது."

"ரெண்டாவதெண்டா வெளியில இருக்கிறதோ?"

"ஒரு யார்ட் ஓட வேண்டி வந்தா மட்டும் என்னை விடுவினமாம்."

அம்மா ஒரு யார்ட் எவ்வளவு என்று கேட்டா. கையை விரித்துக் காட்டினேன். அவ அந்த இடைவெளியை உற்றுப் பார்த்தா. "உதுக்கே இவ்வளவு பாடுபட்டனி?" என்றா.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறிவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்கு மைதானத்துக்குப் போய், எனக்குப் பந்தைப் பின்னால் கொடுக்கும் நடுவீரனைக் கூப்பிட்டேன். முந்நூறு இறாத்தல் எடையுள்ள அவன் பின்னாலேயே குனிந்து, அவன் எந்தப் பக்கம் இடிக்கிறானோ அந்தப் பக்கத்தில் நுழைந்து போக வேண்டும். கனடிய விதிப்படி எதிரணித் தடுப்பாளர்கள் பந்திலிருந்து ஒரு யார்ட் தள்ளித்தான் நிற்க வேண்டும். முதல் அடியை நாங்கள் வேகமாக வைத்தால் அந்த ஒரு யார்ட் எங்களுடையது. தினமும் முப்பது தடவை அதையே செய்தோம். தந்தது ஒரு யார்ட் என்றால், அந்த ஒரு யார்ட்டை ஒருதரமும் தவறவிடுவதில்லை என்று முடிவெடுத்திருந்தேன்.

முதல் இரண்டு ஆட்டங்களிலும் ஐந்து தடவை உள்ளே போனேன். ஐந்தும் கிடைத்தன.

"இண்டைக்கு விளையாடினனியோ?" என்று ஆட்டம் முடிந்ததும் அம்மா போனில் கேட்பா.

"ஓம். மூண்டு தரம்."

"எவ்வளவு நேரம்?"

"எல்லாம் சேத்து ஒரு பத்து செக்கன் வரும்."

மிச்ச நேரமெல்லாம் ஓரத்தில் நின்று, எதிரணித் தடுப்பாளர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று தாளில் குறிப்பது என் வேலை. மூன்றாவது ஆட்டத்தில், இடைவேளைக்கு முன்னமே, ஒன்றைக் கண்டுபிடித்தேன். எதிரணியின் இடப்பக்கத் தடுப்பாளன் ஒருவன், குவார்ட்டர்பேக்கை நோக்கிப் பாய்ந்து வரப்போகும் போதெல்லாம் வலது காலை அரை அடி பின்னுக்கு எடுத்து வைத்தான். வராத நேரங்களில் இரண்டு காலும் சமமாக நின்றன. நான்கு தடவை பார்த்தேன். நான்கும் சரி.

நான் அதை யாரிடமும் சொல்லவில்லை.

மறந்துபோகவில்லை. சொல்லாமல் இருந்தேன். மார்க்கத்துக்காரன் அன்று தடுமாறிக்கொண்டிருந்தான். இன்னும் இரண்டு பந்து தவறினால் பயிற்சியாளர் என் பக்கம் திரும்புவார் என்று நினைத்தேன். நான்காம் காற்பகுதியில் அந்தத் தடுப்பாளன் வலது காலைப் பின்னால் வைத்ததைப் பார்த்தேன். கையில் பென்சிலோடு பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் பாய்ந்து வந்து, எறியக் கையை உயர்த்தியிருந்தவனை விலாவில் இடித்தான். மார்க்கத்துக்காரன் விழுந்து எழும்ப நெடுநேரம் எடுத்தது. எழும்பி அவனேதான் மறுபடியும் ஆடினான். அந்த ஆட்டத்தில் தோற்றோம்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்தத் தாளை எடுத்து எடுத்துப் பார்த்தேன். திங்கட்கிழமை, அவன் சிகிச்சை அறையில் விலாவில் ஐஸ் பையோடு படுத்திருந்தபோது போனேன்.

"மச்சான், உனக்கு ஒண்டு சொல்லோணும். உன்னை அடிச்சவன் வரப்போறான் எண்டு எனக்கு முன்னமே தெரியும்."

"எப்ப இருந்து?"

"ஹாஃப் ரைமுக்கு முதலே. வாறதெண்டா அவன் காலைப் பின்னுக்கு வைப்பான்."

அவன் கூரையைப் பார்த்தான். "ஏன்டா சொல்லேல்ல?"

"உன்ர இடம் எனக்கு வேணும். அதாலதான்."

அவன் ஐஸ் பையை மெதுவாக நகர்த்தினான். மூச்சு விடும்போது அவனுக்கு நொந்தது தெரிந்தது.

"எனக்கும்தான் இந்த இடம் வேணும்," என்றான். "அதுக்காக நீ அடிபடோணும் எண்டு நான் ஒருநாளும் நினைக்கேல்ல."

"சொறிடா, மன்னிச்சுக்கொள்," என்றேன். நான் போகத் திரும்பியபோது, "லாப்டொப் அங்க இருக்கு, எடு," என்றான். "அந்தக் காலை எனக்குக் காட்டு."

அன்று பின்னேரம் நான்கு மணித்தியாலம் இருவரும் வீடியோ பார்த்தோம். பாய்ந்து வருகிறவன் தன் இடத்தை வெறுமையாக விட்டுவிட்டுத்தான் வருகிறான். அந்த வெறுமையான இடத்துக்கு உடனே கிட்டடியில் ஒரு குட்டிப் பந்தை எறிந்தால் ஏழு யார்ட் சும்மா கிடைக்கும். ஆனால் எங்கள் திட்டத்தில் எல்லாமே நீளப் பந்துகள். கடைசி நிமிடத்தில் மாற்றுவதற்கு ஒரு சொல் வேண்டும், எதிரணிக்குப் புரியாத சொல். "தமிழிலேயே கத்துவம்," என்றான் அவன். பயிற்சியாளரிடம் இருவரும் சேர்ந்தே போனோம். அவர் வீடியோவை இரண்டு தடவை பார்த்தார். "சரி, செய்து பாருங்கள்," என்றார்.

எந்தப் பக்கம் குட்டிப் பந்து போகும் என்று சொல்ல, அந்தக் கிழமை முழுக்க எங்கள் அணியே "இடது", "வலது" என்று கத்திப் பழகியது. நடுவீரன் "இடாடு" என்பான். அதைத் திருத்த எங்களால் முடியவில்லை.

ஒவ்வொரு எதிரணியிலும் யார் எப்போது பாய்வான் என்று வீடியோவில் முன்கூட்டியே பார்த்து வைத்தோம். நான்காவது ஆட்டத்தில் அது வேலை செய்தது. ஐந்தாவதிலும். ஆறாவது ஆட்டம் எங்களுக்கு முக்கியமானது. வென்றால்தான் இறுதிச் சுற்றுக்குள் போகலாம். இரண்டாம் காற்பகுதியில் மார்க்கத்துக்காரன் "இடது, இடது" என்று கத்தினான். எதிரே நின்ற தடுப்பாளன் ஒருவன் இடப்பக்கமாக ஓடி வந்து, பந்தைத் தானே பிடித்துக்கொண்டான். எழும்பும்போது எங்கள் ஆளைப் பார்த்துச் சிரித்தபடி, "இடது எண்டா இடதுதானே அண்ணை?" என்றானாம்.

மார்க்கத்துக்காரன் முகம் வெளிறி ஓரத்துக்கு வந்தான். "மச்சான், உவன் தமிழன்டா!"

எனக்குச் சிரிப்பும் பயமும் சேர்ந்தே வந்தன. பயிற்சியாளர் அந்தச் சொற்களை விட்டுவிடச் சொன்னார். நான் விடவில்லை. "ஒரேயொரு தடவை. இடது என்றால் வலது. எல்லோரிடமும் சொல்லிவிடுகிறேன்," என்று அவரிடம் கெஞ்சிச் சம்மதம் வாங்கினேன். ஓரத்து நீள வாங்கில் உட்கார்ந்திருந்த ஒவ்வொருவரிடமும் குனிந்து சொல்லிக்கொண்டு போனேன். நடுவீரனிடம் மட்டும் இரண்டு தடவை சொன்னேன்.

மூன்றாம் காற்பகுதியில், முக்கியமான ஒரு நேரத்தில், மார்க்கத்துக்காரன் தொண்டை கிழிய "இடது" என்றான். அந்தத் தமிழ்த் தடுப்பாளன் இடப்பக்கம் பறந்தான். வலப்பக்கத்தில் அவர்களுடைய ஆட்கள் ஒருவருமே இருக்கவில்லை. எங்கள் ஆள் பந்தைப் பிடித்துக்கொண்டு எல்லைவரை ஓடினான்.

கடைசி இரண்டு நிமிடம். நாங்கள் மூன்று புள்ளிகளால் முன்னே. மூன்றாவது முயற்சி, ஒரு யார்ட். அது கிடைத்தால் பந்து எங்களிடமே இருக்கும், நேரத்தை ஓடவிட்டு முடித்துவிடலாம். கிடைக்காவிட்டால் அவர்களுக்கு நல்ல இடத்தில் பந்து. பயிற்சியாளர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். உள்ளே ஓடினேன். எதிரே அந்தத் தமிழ்த் தடுப்பாளன்தான் நின்றான்.

"நேராத்தானே வரப்போறியள்?" என்றான்.

"ஓம், நேராத்தான்," என்றேன்.

நடுவீரன் வலப்பக்கமாக இடித்தான். அவனுடைய இடுப்பில் தோளை ஒட்டிக்கொண்டு நுழைந்தேன். யாரோ என் தலைக்கவசத்தில் மோதினார்கள். கால்களை நிறுத்தவில்லை. கீழே விழுந்தபோது எனக்கு மேலே ஐந்தாறு பேர். அளக்கும் சங்கிலியை வெளியிலிருந்து கொண்டுவந்து இழுத்துப் பார்த்தார்கள். ஒரு கையளவு கூடுதலாகவே இருந்தது. மார்க்கத்துக்காரன் ஓரத்திலிருந்து ஓடிவந்து, விலா நோவையும் மறந்து, என்னைத் தூக்கினான்.

இறுதிச் சுற்றின் முதல் ஆட்டத்திலேயே நாங்கள் வெளியேறினோம். அதில் என்னை உள்ளே விட ஒரு தடவையும் தேவை வரவில்லை.

அடுத்த ஆகஸ்டிலும் பலகையில் எங்கள் இருவரின் பெயர்கள்தான். குளிர்காலம் முழுக்க இருவரும் சேர்ந்தே பயிற்சி செய்திருந்தோம். பயிற்சியாளர் திட்டத்தில் குட்டிப் பந்துகளைக் கூட்டியிருந்தார். அந்த வருடம் முதல் நான்கு ஆட்டங்களிலும் குவார்ட்டர்பேக்காக இறங்கியது நான்தான். இரண்டு வென்றோம், இரண்டு தோற்றோம். ஐந்தாவதிலிருந்து அந்த இடம் மறுபடியும் அவனிடம் போனது. அதைக் கேட்டபோது எனக்குக் கோபம் வந்தது, வராமல் இருக்குமா? ஆனால் அன்று பின்னேரமே தாளையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு அவனுடைய அறைக்குப் போனேன். சனிக்கிழமை வரப்போகும் எதிரணியின் வீடியோ வந்திருந்தது.